பின் இருக்கையில் ஒருவர்

ஜனவரி 9

அக்காவுக்கு,

உன்னோடு பேசமாட்டேன் என்று சொன்னேன். எழுதமாட்டேன் என்று சொல்லவில்லை. இதைப் படித்ததும் போனை எடுக்காதே, நான் எடுக்கப்போவதில்லை.

நீ அனுப்பிய மாத்திரை டப்பா வந்தது. ஏழு நாளுக்குப் பதினான்கு அறை, ஒவ்வொன்றின் மேலும் உன் முத்து முத்தான கையெழுத்து. 'நிறையத் தண்ணீர் குடி' என்றுகூட எழுதி ஒட்டியிருக்கிறாய். ஐம்பத்தொரு வயது ஆளுக்கு! ஆஸ்பத்திரி மருந்தகத்தில் முப்பது வருஷம் நின்றால் இப்படித்தான் ஆகிவிடும் போல.

நான் எழுதுவது வேறு விஷயம். நேற்று கிளினிக்கில் டாக்டர் என்னைப் பக்கத்து அறைக்கு அனுப்பினார். ரத்த அழுத்தம் பார்க்கும் மிஷினுக்கும் கை கழுவும் தொட்டிக்கும் நடுவே ஒரு சின்ன மேசை, அதன் பின்னால் ஒரு அம்மா. நர்ஸும் இல்லை, டாக்டரும் இல்லை. "உங்களுக்கு என்ன வேலைங்க?" என்று கேட்டேன். "வர்றவங்கள ஆளுங்களோட சேர்த்துவிடறதுதான்" என்றார். தூக்கம் வருகிறதா, பசிக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. "முன்னெல்லாம் காலைல வேலைக்குப் போனதும் முதல்ல எதைத் தொடுவீங்க?" என்று கேட்டார். வாய் தவறி "ஸ்டியரிங்" என்று சொல்லிவிட்டேன்.  

கடைசியில் மருந்துச் சீட்டிலேயே எழுதிக் கொடுத்தார்: 'சனி காலை ஏழு மணி. விளையாட்டு மைதானம், பின்கேட், சைக்கிள் கொட்டகை. செயினுக்கு எண்ணெய் போட, பஞ்சர் ஒட்ட ஆள் தேவை.' "சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா?" என்று கேட்டேன். விழுந்து விழுந்து சிரிக்கிறார்.

நான் போகப்போவதில்லை. என் பஸ்ஸின் பின்கதவில் அந்த மனிதர் சிக்கிப் போய்ச் சேர்ந்து பதினான்கு மாதம் ஆகிறது. விசாரணையில் என் மேல் தப்பில்லை என்று எழுதினார்கள். எழுதியவர்கள் யாரும் அன்றைக்கு அந்தப் பக்கக் கண்ணாடியைப் பார்க்கவில்லை, நான்தான் பார்த்தேன். மழைத் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, ஒன்றும் தெரியவில்லை, தெரியாமலே வண்டியை எடுத்தேன். இனி ஒரு உயிரைப் பின்னால் உட்காரவைத்து நான் எதையும் ஓட்டமாட்டேன். இதை உன்னிடமும் சொல்லியிருக்கிறேன், அந்த மனநல வார்டில் இருபத்தாறு நாளும் சொல்லியிருக்கிறேன்.

வார்டு என்றதும் ஞாபகம் வருகிறது. ஜன்னல் திறக்காது. ஷூ கயிற்றைக்கூட உருவிக்கொண்டார்கள். என்னைச் சேர்த்த தாளின் அடியிலும் இதே முத்து முத்தான கையெழுத்துதான்.

தம்பி


ஜனவரி 17

டேய் தம்பி,

ஒரு வருஷமாக ஒரு வரி இல்லை. இப்போது எழுதினாயே, அதற்கே நான் தபால்காரருக்கு டீ வாங்கிக் கொடுத்திருக்க வேண்டும்.

முதலில் கையெழுத்து விஷயம். நான்தான் போட்டேன், மறைக்கவில்லை. மூன்று நாள் நீ குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். சாப்பாட்டுத் தட்டை வாசலில் வைத்துவிட்டு ஒவ்வொரு மணி நேரமும் கதவில் காதை வைத்து, மூச்சு கேட்கிறதா என்று பார்த்தவள் நான். நான்காம் நாள் ஆட்களைக் கூப்பிட்டுக் கதவை உடைத்தேன். மறுபடி அதே நிலை வந்தால் மறுபடி போடுவேன். என் மேல் கோபப்படவாவது நீ உயிரோடு இருக்கிறாய் அல்லவா, அது போதும்.

இப்போது அந்தச் சீட்டு. சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. இப்படி ஒன்றை என் கவுன்ட்டரில் நீட்டினால் நான் எந்தத் தட்டில் போய்த் தேடுவேன்? எத்தனை மில்லிகிராம் சைக்கிள்? உடன் வேலை செய்பவளிடம் சொன்னேன், "அக்கா, எனக்கும் ரெண்டு எழுதி வாங்கிக் கொடுங்களேன்" என்கிறாள்.

ஆனாலும் போய் வா. பஞ்சர் ஒட்டுவதில் யார் உயிரும் போகாது. உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருப்பதற்குப் பதில் அரை மணி நேரம் வெயிலாவது மேலே படும். இரவு மாத்திரையைப் பாதியில் நிறுத்திவிடாதே. பதில் போடு. போடாவிட்டால் நேரில் வந்து நிற்பேன், என்னைத் தெரியும் அல்லவா?

அக்கா


பிப்ரவரி 2

அக்காவுக்கு,

போனேன். பஞ்சர் ஒட்டவில்லை. என்ன நடந்தது என்று எழுதினால் நீ கத்துவாய், ஆனாலும் யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்கு நெஞ்சு வெடித்துவிடும்.

ஏழு மணி என்றால் ஆறரைக்கே போய் நிற்பது என் பழக்கம், டிப்போவில் ஊறியது. கொட்டகை திறந்திருந்தது, ஆள் இல்லை. உள்ளே ஆறு சைக்கிள். அக்கா, ஒவ்வொன்றும் ஒரு பெஞ்சு நீளம்! இரண்டு சீட், இரண்டு ஹேண்டில், இரண்டு ஜோடி பெடல். வண்டி என்று ஒன்று கண்ணில் பட்டால் சுற்றிவராமல் என்னால் இருக்க முடியாது. ஒவ்வொரு டயரையும் அமுக்கினேன், பிரேக்கைப் பிடித்துப் பார்த்தேன், குனிந்து செயினைத் தடவினேன். இருபத்திரண்டு வருஷம் காலையில் செய்தது, கை தானாகப் போகிறது.

அதை வாசலில் நின்று ஒருவர் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். கழுத்தில் விசில் தொங்கும், எல்லோரும் அவரை விசில் என்றே கூப்பிடுகிறார்கள். "அப்பாடா, இப்படிச் சுத்திப் பார்த்து எடுக்கற ஆளத்தான் தேடிக்கிட்டிருந்தேன். இன்னைக்கு வர்றதாச் சொன்ன புது ஆள் நீங்கதானே? நாலாம் நம்பர் உங்களுக்கு" என்று சொல்லி என் தலையில் ஹெல்மெட்டைக் கவிழ்த்துவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் பின் சீட்டில் ஒரு கை பட்டது.

பார்வை இல்லாதவர்களை உட்காரவைத்து ஓட்டும் குழு அது. முன்னால் பார்க்கிறவர், பின்னால் பார்க்காதவர். என் பின்னால் வந்தது ஒரு கணக்கு டீச்சர், என் வயசுதான் இருக்கும். பத்தொன்பது வயதில் பார்வை போனதாம். சர்க்கரைக்காக அவருக்கும் அதே மேசையில் சீட்டு எழுதியிருக்கிறார்கள். "என்ன சார், புதுசா? பயப்படாதீங்க, நான் பின்னாடிதான் இருக்கேன்" என்கிறார். யார் யாருக்குத் தைரியம் சொல்வது!

இறங்கிவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஏறி உட்கார்ந்துவிட்டவரை இறங்கச் சொல்ல வாய் வரவில்லை. இதில் கண்ணாடி கிடையாது. இல்லாத கண்ணாடியை நான் பத்து தடவை தேடியிருப்பேன். அப்புறம் பெடலில் காலை வைத்தேன்.

இதை எப்படிச் சொல்வேன்? இரண்டு ஜோடி பெடலும் ஒரே சங்கிலியில் கட்டியிருக்கின்றன. அவர் மிதிப்பது என் காலில் தெரிகிறது. அவர் தயங்கினால் தெரிகிறது, மூச்சு வாங்கினால் தெரிகிறது, சிரிக்கும்போது பெடலே லேசாகக் குலுங்குகிறது. என் பஸ்ஸில் நாற்பது பேர் இருந்தார்கள், ஒருவர் உள்ளே இருக்கிறாரா வெளியே இருக்கிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. இங்கே திரும்பிப் பார்க்காமலே ஒரு ஆள் முழுசாகத் தெரிகிறார். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப் போயிற்று.

அதோடு விட்டதா? மைதானச் சுவர் ஓரமாகப் போகும்போது "சார், இடது பக்கம் சுவர் முடிஞ்சிடுச்சு பாருங்க" என்கிறார். பார்த்தால் முடிந்திருக்கிறது! சத்தம் திரும்பி வருவதில் வித்தியாசம் இருக்குமாம். "இது மரம். இதுவும் மரம். இது நிறுத்தி வெச்ச லாரி. இப்ப வெளி, பெரிய வெளி!" ஒன்றுகூடத் தப்பவில்லை. இரண்டு கண்ணும் நன்றாக இருக்கிற நான் வாயைப் பிளந்துகொண்டு ஓட்டினேன்.

மூன்று சனிக்கிழமை ஆகிவிட்டது. நான் நோயாளி, எண்ணெய் போட வந்தவன் என்று இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் இறக்கிவிடுவார்கள். நீ என்ன சொல்கிறாய்?

தம்பி


பிப்ரவரி 10

தம்பி,

உன் கடிதத்தை மருந்தகத்தில் நின்றுகொண்டே மூன்று முறை படித்தேன். ஜன்னலில் பதினோரு பேர் வரிசை. ஒருவர் கண்ணாடியைத் தட்டி, "ஏம்மா, கெட்ட செய்தியா?" என்று கேட்டார். "தெரியலைங்க" என்றேன். இன்னும் தெரியவில்லை.

நீ இப்படி எழுதி எத்தனை நாளாயிற்று! ஒரு ஆளைப் பற்றி, ஒரு சுவரைப் பற்றி, சிலிர்த்துப் போனது பற்றி. என் தம்பி எங்கேயோ இருக்கிறான், போய்விடவில்லை என்று தெரிந்தது. வீட்டுக்கு வந்து அழுதேன். எழுதுவதில் என்ன வெட்கம்.

ஆனால் டேய், அறிவு இருக்கிறதா உனக்கு? உன் இரவு மாத்திரையின் அட்டையில் என்ன போட்டிருக்கிறது? 'தூக்கம் வரலாம், வாகனம் ஓட்டக் கூடாது.' சிவப்பு எழுத்தில் இருக்கிறது. நானே ஒரு நாளைக்கு ஐம்பது பேருக்கு அதை விரலால் தொட்டுக் காட்டுகிறேன். விடிந்து வெகு நேரம் வரை அது ரத்தத்தில் இருக்கும். பார்வை இல்லாத ஒரு மனுஷியைப் பின்னால் வைத்துக்கொண்டு, அந்த மாத்திரையோடு, உண்மையையும் மறைத்துக்கொண்டு! சைக்கிள்தானே என்று சொல்லாதே. இன்னொரு தடவை ஏதாவது ஆகிவிட்டால் அந்த அம்மாவை விடு, உன்னை நான் எந்தக் கதவை உடைத்து எடுப்பேன்?

இந்தச் சனிக்கிழமைக்குள் நீயே சொல்லிவிடு. சொல்லமாட்டாய் என்று தெரியும்.

அக்கா


பிப்ரவரி 24

அக்காவுக்கு,

சொல்லத்தான் இருந்தேன். அதற்குள் நீ கிளினிக்குக்குப் போன் செய்துவிட்டாய். இந்த முறையும் என்னைக் கேட்காமல்.

சேர்த்துவிடும் அம்மா மைதானத்துக்கே ஓடிவந்தார். முகம் வெளுத்துப் போயிருந்தது. முன் சீட்டில் உட்காருவதற்கு டாக்டர் கடிதம் வேண்டும், கண் பரிசோதனை வேண்டும், பயிற்சி வேண்டும். எனக்கு ஒன்றும் இல்லை. விசில் தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். என்னால் இரண்டு நல்ல மனிதர்களுக்கு வேலை போகும்போல இருந்தது.

கணக்கு டீச்சரிடம் நானே சொன்னேன். கொட்டகைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, பின்கதவு, மழை, கண்ணாடி, அந்த மனிதரின் பை வார் கதவில் மாட்டியது, ஒன்று விடாமல்.  நான் முடித்ததும் அவர் கோலை விரித்துக்கொண்டு எழுந்து போனார். வழக்கமாகக் கேட்டைத் தாண்டும்போது கையைத் தூக்கிக் காட்டுவார், அன்றைக்கு இல்லை. அடுத்த சனிக்கிழமை அவர் வரவே இல்லை.

உன் கடமையைச் செய்துவிட்டாய். நிம்மதியாக இரு.


மார்ச் 3

தம்பி,

கடிதத்தின் அடியில் 'தம்பி' என்றுகூடப் போடவில்லை நீ.

போன் செய்தது சரிதான். நாளைக்கும் அதைத்தான் செய்வேன். ஆனால் நான்கு நாளாக ஒன்று மனசில் குடைந்துகொண்டே இருக்கிறது. உன்னிடம் முதலில் சொல்லியிருக்கலாம். 'இன்று மாலை கிளினிக்கைக் கூப்பிடப்போகிறேன், அதற்குள் நீயே சொல்லிக்கொள்' என்று ஒரு தகவல் அனுப்பியிருக்கலாம். வார்டில் சேர்த்த அன்றும் அப்படித்தான். கதவை உடைத்த பிறகு நீ சுவரில் சாய்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய். உன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, "கையெழுத்துப் போடப்போறேன்டா" என்று சொல்லியிருக்கலாம். நான் உன் முகத்தைப் பார்க்காமல் தாளைப் பார்த்தேன். அது தப்புதான். மன்னித்துக்கொள்.

உனக்குத் தெரியாத ஒன்றும் இருக்கிறது. தினமும் காலை ஆறு மணிக்கு உன் கீழ்வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, உன் ஜன்னல் திறந்திருக்கிறதா என்று கேட்கிறேன். ஒரு வருஷமாக. மனுஷன் பாவம், இப்போதெல்லாம் போனை எடுத்ததும் ஹலோ சொல்வதில்லை, "தொறந்துருக்கும்மா" என்கிறார். எனக்கு உன்னைப் பற்றித் தெரிந்ததெல்லாம் அவ்வளவுதான். ஜன்னலும் மாத்திரையும்.

டீச்சர் வந்தாரா?

அக்கா


மார்ச் 23

அக்காவுக்கு,

கீழ்வீட்டுக்காரர் ஏன் காலையில் என் ஜன்னலையே முறைக்கிறார் என்று இத்தனை நாள் குழம்பிக்கொண்டிருந்தேன்! கடிதத்தைப் படித்துத் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. ஒரு வருஷம், அக்கா. மன்னிப்புக் கேட்டு நீ எழுதியதையும் படித்தேன், சட்டைப் பையில் வைத்திருக்கிறேன்.

டாக்டர் இரவு மாத்திரையைக் குறைத்துவிட்டார், இப்போது காலையில் தலை தெளிவாக இருக்கிறது. கடிதமும் கொடுத்தார். கண்ணும் பார்த்தாயிற்று. யாருக்கும் வேலை போகவில்லை. சேர்த்துவிடும் அம்மா என்னிடம், "எண்ணெய் போட அனுப்பிச்சேன், நீங்க ஊர்வலமே கிளம்பிட்டீங்க" என்று சொல்லிச் சிரித்தார், அப்புறம் சும்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பிறகு விசில், "பயிற்சிய ஆரம்பிக்கலாமா? பின்னாடி ஏறுங்க" என்றார். முன்னால் உட்காருகிறவர் யாராக இருந்தாலும் முதலில் கண்ணைக் கட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் பின்னால் உட்கார வேண்டும். அதுதான் அங்கே சட்டம். நான் குறுக்கே புகுந்ததால் அது எனக்கு விட்டுப்போயிருந்தது.

இருபத்திரண்டு வருஷத்தில் நான் பின்னால் உட்கார்ந்ததே இல்லை. துணியைக் கட்டிக்கொண்டு ஏறினேன். ஹேண்டில் இருக்கிறது, திருப்பினால் திரும்பாது. பிரேக் இல்லை. ஒவ்வொரு சின்ன மேடும் கிணறு மாதிரி வருகிறது. "நிறுத்துங்க, நிறுத்துங்க" என்று இரண்டு தடவை கத்திவிட்டேன். விசில் நிறுத்தினார், காத்திருந்தார், மறுபடி கிளம்பினார். எனக்கு அவர் பெயர்கூடத் தெரியாது. அவர் நேற்று நன்றாகத் தூங்கினாரா, வீட்டில் சண்டையா, ஒன்றும் தெரியாது. ஆனாலும் மிதித்துக்கொண்டிருக்கிறேன்.

அப்போதுதான் அக்கா, அது என்னை வந்து அடித்தது. ஒரு நாளைக்கு எழுநூறு பேர். இருபத்திரண்டு வருஷம். என் முதுகை மட்டும் பார்த்துக்கொண்டு, நான் யார் என்று ஒரு வார்த்தை கேட்காமல் ஏறினார்கள், பேப்பர் படித்தார்கள், குழந்தையைத் தூங்கவைத்தார்கள், தாங்களும் தூங்கினார்கள். எவ்வளவு பெரிய விஷயத்தை என் கையில் கொடுத்துவிட்டு எவ்வளவு சாதாரணமாக உட்கார்ந்திருந்தார்கள்! அந்த ஒருவரும் அப்படித்தான் ஏறியிருப்பார். பதினாறு மாதமாக அவர் விழுந்ததையே பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றைக்குத்தான் முதல் தடவையாக அவர் ஏறியதை நினைத்தேன். துணிக்குள்ளேயே அழுதேன். விசில் முன்னால் இருந்து, "என்ன சார், பெடல் நடுங்குது?" என்றார். "ஒண்ணுமில்ல, போங்க" என்றேன்.

சரி, நீ கேட்ட விஷயம். டீச்சர் நேற்று வந்தார். ஐந்து வாரம் கழித்து. நான் கொட்டகை மூலையில் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தேன். கோலைத் தட்டிக்கொண்டு நேராக என்னிடமே வந்து நின்றார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"சார், எனக்குப் பயமாயிடுச்சு. பொய் சொல்ல விரும்பல. இன்னும் கொஞ்சம் இருக்கு. நடுவுல வேற ஒருத்தர்கூட வேற நாள்ல போய்ப் பார்த்தேன். நல்லா ஓட்டறார், குறையே இல்ல. ஆனா பத்து நிமிஷத்துல பின்னாடி ஆள் இருக்கறதையே மறந்துட்டார், பள்ளம் வருதுன்னு சொல்லல. நீங்க நாலு வாரத்துல ஒரு நிமிஷம்கூட என்னை மறக்கல. அது ஏன்னு இப்ப எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் ஏறறேன்."

கையில் பசையோடு நின்றேன். நாலாம் நம்பரை அவரே தடவிக் கண்டுபிடித்து, பின் சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டார். நான் கை கழுவ வேண்டும் என்றால், "கழுவிட்டு வாங்க, நான் எங்க போயிடப் போறேன்?" என்கிறார்.

ஏரிக்கரை வரை போய் வந்தோம். உனக்கு எப்போது லீவு?

தம்பி


ஏப்ரல் 13, ரயிலில்

என் தம்பிக்கு,

நேற்று முழுக்க உன்னோடு இருந்தேன், ஆனாலும் பேசவேண்டியதைப் பேசவில்லை. நாம் இரண்டு பேரும் பேசினால் சண்டைதான் வரும். அதனால் எழுதுகிறேன். ரயில் ஆட்டத்தில் என் முத்து முத்தான கையெழுத்தும் கோணல் மாணலாகப் போகிறது, சிரித்துக்கொள்.

முந்தாநாள் ஊருக்கு வந்து இறங்கியதும், உன்னைப் பார்ப்பதற்கு முன் கிளினிக்குக்குப் போனேன், உன்னிடம் சொல்லவில்லை. அந்த அம்மாவிடம் சண்டை போடுவதா கும்பிடுவதா என்று முடிவு செய்யாமலே போனேன். ஒரு நோட்டைக் காட்டினார். பக்கம் பக்கமாகப் பென்சிலில் எழுதியிருந்தது. செவ்வாய் மாலை நூலகத்தில் செஸ், ஒரு ஆள் குறைகிறது. பாலத்தடித் தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்ற ஆள் வேண்டும், அதிகம் பேசாதவராக இருந்தால் நல்லது. சத்தமாகப் படிக்க ஒருவர் தேவை, திக்கினாலும் பரவாயில்லை. நான் முப்பது வருஷம் நான்கு சுவருக்குள் அலமாரியைத் திறந்து மருந்து எடுத்தவள். இவர் இந்த ஊரையே அலமாரியாக வைத்துக்கொண்டு, எந்தத் தெருவில் யாருக்கு யார் மருந்து என்று எடுக்கிறார். எழுந்து நின்றுவிட்டேன், அவ்வளவு பிரமிப்பு. என் ஜன்னலுக்கு வாரம் மூன்று தடவை வந்து, வேண்டாத தைலத்தை வாங்கி, அரை மணி நேரம் பேசிவிட்டுப் போகும் ஒருவர் இருக்கிறார். இத்தனை வருஷம் அவருக்குத் தைலத்தைத்தான் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

பிறகு மைதானம். டீச்சர் என் கையைப் பிடித்து, "இன்னைக்கு என் சீட்ட உங்களுக்குத் தர்றேன், திருப்பிக் கொடுத்துடணும்" என்றதும் ஓடிப்போக இடம் பார்த்தேன். நீ முன்னால் இரண்டு காலையும் ஊன்றி, வண்டியை அசையாமல் பிடித்துக்கொண்டு, "ஏறுக்கா" என்றாய். திரும்பிப் பார்க்கவில்லை.

ஏறினேன். பயத்தில் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன், அது உனக்குத் தெரியாது. முதலில் என் நெஞ்சு அடிப்பது மட்டும்தான் கேட்டது. அப்புறம் நீ எழுதியிருந்தது வந்தது. உன் கால். மேட்டில் எனக்கு மூச்சு வாங்கியதும், நான் சொல்லாமலே உன் பக்கம் கனம் ஏறி என் பக்கம் லேசாயிற்று. "பள்ளம் வருது" என்றாய், வந்தது. "திரும்பறோம்" என்றாய், திரும்பினோம். ஒரு வருஷம் உன்னைப் பற்றி ஊரெல்லாம் விசாரித்தவள் நான். நீ இருக்கிறாய், நன்றாக இருக்கிறாய் என்று யாரும் சொல்லாமல் என் பாதத்துக்கே தெரிந்தது நேற்றுதான். உலகத்தில் இப்படி ஒன்று இருக்கிறதா என்று இருந்தது எனக்கு.

ஏரிக்கரை இறக்கம் வந்தது. வேகம் பிடித்தது. காற்று காதில் உய் என்று அடித்தது. நான் உன் சட்டையைப் பின்னால் பிடித்துவிட்டேன் போலிருக்கிறது. நீ கத்திக் கேட்டாய்:

"அக்கா, பிரேக் போடவா?"

அந்தச் சத்தத்தில் என் பதில் உனக்குக் கேட்டதா என்று தெரியவில்லை. நீ போடவில்லை, அதனால் கேட்டிருக்கும். இருந்தாலும் எழுதி வைக்கிறேன்.

"வேண்டாம்டா" என்றேன்.

அக்கா